வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு நாள் ஆட்டோகிராஸ்: முதல்முறை ஓட்டப் போகிறவர்களுக்கு

பெரிய பார்க்கிங் திடல் ஒன்று, அல்லது விமானங்கள் இறங்காத பழைய ஓடுதளம். அதில் ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைந்து நெளியும் ஒரு பாதை அமைத்திருப்பார்கள். கோன்களை இடிக்காமல், வழி தவறாமல், அந்தப் பாதையை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டும். ஒரு சுற்று 30 விநாடியில் முடிவதும் உண்டு, ஒரு நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. பக்கத்தில் முந்த வரும் கார் கிடையாது. வேகமும் பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்துக்குள்தான் இருக்கும். ஆனால் நேரத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள் என்பதால், காலையில் விளையாட்டாக வந்தவர்கூட மதியத்துக்குள் தீவிரமாகிவிடுவார்.

மோட்டார் பந்தயங்களிலேயே ஒரு பயணி ஒரே நாளில் உள்ளே நுழைந்து பார்க்கக்கூடியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வருகிறவர்களில் பலர் தினமும் வேலைக்குப் போகும் காரிலேயே வந்து, ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்புகிறவர்கள். உங்களுக்கு இருக்கும் தடை ஒன்றுதான்: அந்த ஊரில் உங்களுக்குக் கார் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், காரைத் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள்.

எந்தப் பெயரில் தேடுவது

இந்த விளையாட்டுக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறும். தவறான பெயரில் தேடினால் வேறு ஏதோ ஒன்றில் போய் நிற்பீர்கள்.

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றே தேடலாம். 1944-இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) என்ற அமைப்பு இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. அதன் வட்டாரக் கிளைகள் நாடு முழுக்க இருக்கின்றன, போர்ஷே, பி.எம்.டபிள்யூ. உரிமையாளர் கிளப்களும் தனியாக நடத்துகின்றன. கனடாவில் 'ஆட்டோஸ்லாலம்' என்ற பெயரும் புழங்குகிறது. பிரிட்டனில் கவனம் தேவை. அங்கே ஆட்டோகிராஸ் என்றால் புல்தரையிலும் மண்ணிலும் ஓட்டுவது. தார்த்தளத்தில் கோன்களுக்கு நடுவே முன்னோக்கி மட்டும் ஓட்டுவதை 'ஆட்டோசோலோ' என்பார்கள். ரிவர்ஸ் எடுப்பதும் சேர்ந்தால் அது 'ஆட்டோடெஸ்ட்'. இரண்டும் மோட்டார்ஸ்போர்ட் யு.கே. அமைப்பின்கீழ் உள்ளூர் கிளப்கள் நடத்துபவை. ஜெர்மனியில் 'ஸ்லாலம்', ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'மோட்டார்கானா', ஜப்பானில் 'ஜிம்கானா'. ஜப்பானிய வகையில் ஒரே கோனை முழுதாகச் சுற்றித் திரும்பும் திருப்பங்கள் நிறைய வரும், ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தை வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். முதல்முறை ஓட்டுகிறவருக்கு அது கொஞ்சம் கடினம். வேடிக்கை பார்க்க அதைவிட நல்லது இல்லை.

சர்வதேச மேடையிலும் இதற்கு இடம் உண்டு. உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு நடத்தும் மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸில் 2022-ஆம் ஆண்டு ஆட்டோ ஸ்லாலம் சேர்க்கப்பட்டது, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த அணிகளாக.

உங்கள் பயணம் செப்டம்பரில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் அமைந்தால், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்குப் போய்ப் பாருங்கள். எஸ்.சி.சி.ஏ.-வின் தேசியப் போட்டி 2009 முதல் அங்கே விமான நிலையத்தை ஒட்டிய பரந்த கான்கிரீட் தளத்தில் நடந்து வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்வார்கள். இரண்டு பாதைகள், ஒவ்வொன்றிலும் மூன்றே ஓட்டங்கள், இரண்டின் சிறந்த நேரங்களைக் கூட்டித்தான் முடிவு. ஒரு கோனைத் தொட்டதால் ஒருவருடைய ஓராண்டு உழைப்பு போவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

வாடகைக் கார் வேண்டாம்

விமான நிலையத்தில் எடுத்த வாடகைக் காரிலேயே போய் ஓட்டிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கூடாது. பந்தயம், போட்டி, வேகச் சோதனை எதற்கும் காரைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரி கிட்டத்தட்ட எல்லா வாடகை ஒப்பந்தங்களிலும் இருக்கும். அதை மீறினால் நீங்கள் கூடுதலாகப் பணம் கட்டி எடுத்த காப்பீடும் செல்லாமல் போகும். ஏதாவது ஆனால் காரின் முழு விலையும் உங்கள் தலையில் விழலாம். 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். போட்டி முடிவுகளும் படங்களும் அன்று மாலையே இணையத்தில் ஏறிவிடுகிற காலம் இது. வாடகைக் காரில் திடலுக்குப் போங்கள், ஓரமாக நிறுத்துங்கள், அதோடு சரி.

அப்படியானால் எதை ஓட்டுவது? நல்ல வழி, உள்ளூர்க்காரர் ஒருவரின் காரைப் பகிர்ந்து ஓட்டுவது. ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம். தேசியப் போட்டிகளிலேயே கணவனும் மனைவியும், தந்தையும் மகளும் ஒரே காரில் போட்டியிடுவார்கள். அதனால் நீங்கள் கேட்பது விசித்திரமான உதவி அல்ல. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதே கார், அதே டயர், அதே பாதை என்பதால் உங்களுக்கும் கார்க்காரருக்கும் உள்ள நேர வித்தியாசம் முழுக்க ஓட்டுவதில் உள்ள வித்தியாசம்தான். அதைவிடத் தெளிவான பாடம் எங்கும் கிடைக்காது.

பகிர்ந்து ஓட்ட யாரும் கிடைக்கவில்லை என்றால் கார் நிறுவனங்களே நடத்தும் ஓட்டுநர் மையங்கள் இருக்கின்றன. போர்ஷே நிறுவனத்துக்கு அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலஸ், லைப்சிக், சில்வர்ஸ்டோன் ஆகிய இடங்களில் உண்டு; பி.எம்.டபிள்யூ.வுக்கு அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் உண்டு. கார் அவர்களுடையது, பயிற்சியாளரும் உடன் இருப்பார். செலவு அதிகம், போட்டிச் சூழலும் இருக்காது, ஆனால் காரின் பிடிப்பு எங்கே முடிகிறது என்று பாதுகாப்பாகத் தெரிந்துகொள்ள நல்ல இடங்கள்.

கிளப்புக்கு எழுதும் கடிதம்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது எழுதுங்கள். 'கார் கிடைக்குமா' என்று தொடங்காதீர்கள். எந்த நாளில் அந்த ஊரில் இருப்பீர்கள், எத்தனை வருடமாகக் கார் ஓட்டுகிறீர்கள், கியர் கார் ஓட்டத் தெரியுமா, இதற்கு முன் இப்படி ஓட்டியதுண்டா என்பதையெல்லாம் நான்கு வரியில் சொல்லுங்கள். அப்புறம், 'நாள் முழுக்க உங்களோடு வேலை செய்ய வருகிறேன், யாராவது தங்கள் காரைப் பகிர விரும்பினால் மகிழ்ச்சி' என்று முடியுங்கள். இந்தக் கிளப்கள் தன்னார்வலர்களால் ஓடுபவை. வேலைக்கு ஆள் வருகிறது என்றால் அவர்கள் முகம் மலரும். கார் கிடைக்காமல் போனாலும் திடலில் ஒரு நாள் நிற்கும் வாய்ப்பு நிச்சயம். அங்கே நின்றால், யாராவது 'வா, பக்கத்தில் உட்கார்' என்று கூப்பிட நிறைய வாய்ப்பு உண்டு. ஓட்டத்தின்போது பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொள்ள எல்லாக் கிளப்பும் அனுமதிப்பதில்லை, அதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

யாராவது கார் தர முன்வந்தால், மூன்று விஷயங்களை ஓட்டுவதற்கு முந்தைய நாளே பேசி முடித்துவிட வேண்டும். சேதமானால் யார் செலவு? (நியாயமான பதில்: ஓட்டியவர் செலவு.) டயர் தேய்மானத்துக்கு எவ்வளவு? எரிபொருளுக்கு எவ்வளவு? பணப் பேச்சு சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் பேசுங்கள். இதற்கான டயர்கள் விலை உயர்ந்தவை, சீக்கிரம் தேய்பவை. கார்க்காரர் 'ஒன்றும் வேண்டாம்' என்று சொன்னாலும் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை.

காகிதங்கள்

உங்கள் ஓட்டுநர் உரிம அட்டையைக் கையில் வைத்திருங்கள். போனில் உள்ள படம் பல இடங்களில் செல்லாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி தருவது, 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தருவது என்று வகைகள் உண்டு. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். உங்களுடையது எந்த வகை என்று அட்டையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சில நாடுகளில் போட்டி உரிமமோ உறுப்பினர் சேர்க்கையோ வேண்டும். எஸ்.சி.சி.ஏ. நிகழ்வுகளில் அந்த வார இறுதிக்கு மட்டும் உறுப்பினராகும் வழி இருக்கிறது. மற்ற இடங்களிலும் தொடக்கநிலைக்கு எளிய ஏற்பாடுகள் உண்டு. வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவருக்கு எது பொருந்தும் என்று கிளப் செயலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீட்டை வரிவரியாகப் படியுங்கள். மோட்டார் போட்டிகளில் ஏற்படும் காயங்களுக்குப் பணம் இல்லை என்று பல பாலிசிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. கூடுதல் கட்டணத்துக்கு அதைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். திடலின் வாசலில் பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அது அமைப்பாளர்களைக் காப்பாற்றுவது, உங்களை அல்ல. ஆட்டோகிராஸில் பெரிய காயங்கள் அரிது. ஆனால் வெளிநாட்டில் மருத்துவச் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என்ன கொண்டுபோவது

ஹெல்மெட் தேவைப்படும் நாடுகளில் தரச்சான்று ஒட்டி இருக்கிறதா என்று உள்ளே திறந்து பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஸ்னெல் முத்திரை கேட்பார்கள், எஸ்.ஏ. என்பது கார் பந்தயத்துக்கானது, எம். என்பது மோட்டார் சைக்கிளுக்கானது, இந்த விளையாட்டுக்கு இரண்டையும் ஏற்கும் கிளப்கள் அதிகம். இதற்காகப் பெட்டியில் ஹெல்மெட்டைச் சுமக்க வேண்டாம். பெரும்பாலான கிளப்கள் புதியவர்களுக்கு இரவல் தரும். தலைக்கு அணியும் மெல்லிய துணியுறை ஒன்று மட்டும் எடுத்துப்போங்கள், இரவல் ஹெல்மெட் எத்தனையோ தலைகள் மாறி வந்தது.

தட்டையான, அடிப்பகுதி மெல்லிய, விரல் மூடிய ஷூ. தொப்பி, தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு. மழை பெய்தாலும் நிகழ்வு நடக்கும். நிழலே இல்லாத தார்த்தளத்தில் ஒரு நாள் முழுக்க நிற்கப்போகிறீர்கள், ஓட்டுவதோ மொத்தம் ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம்.

காலையில் முதலில் பாதையை நடந்து பாருங்கள்

பதிவு மேசையில் பெயர் கொடுத்ததும் காரைச் சோதிப்பார்கள்: சக்கர நட்டுகள் இறுகி இருக்கின்றனவா, பேட்டரி அசைகிறதா, பிரேக் மிதி உறுதியாக இருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று. காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்ததுதான் அன்றைய நாளின் மிக முக்கியமான பகுதி. ஓட்டம் தொடங்கும் முன் பாதையைக் காலால் நடக்க நேரம் தருவார்கள். ஒத்திகை ஓட்டம் என்று ஒன்று கிடையாது, நடப்பதுதான் ஒத்திகை. பலரும் கூட்டமாகப் பேசிக்கொண்டே ஒருமுறை நடந்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் குறைந்தது மூன்று முறை நடங்கள். புதியவர்களுக்கென்று அனுபவசாலி ஒருவர் அழைத்துப்போகும் நடை இருந்தால் அதில் முதலில் சேருங்கள். இரண்டாவது முறை தனியாக நடந்து, எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் பதியுங்கள். திடல் முழுக்க நூற்றுக்கணக்கான கோன்கள் நிற்கும். காரின் வேகத்தில் பார்த்தால் ஆரஞ்சுக் கடல்தான் தெரியும். நிற்கும் கோனை ஒட்டிப் படுக்கவைத்திருக்கும் கோனின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, நிற்கும் கோனின் அந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று பொருள். மூன்றாவது நடையில், ஒவ்வொரு பகுதியிலும் உண்மையில் முக்கியமான கோன் எது என்று பாருங்கள். ஐந்து கோன் நிற்கிற வளைவில் உங்கள் கார் நெருங்கப் போவது ஒன்றைத்தான். அதை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றவை அலங்காரம்.

நடந்து முடித்ததும் கண்ணை மூடி, பாதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே காட்சி அறுந்துபோகிறதோ, அங்கே போய் மறுபடி நடக்க வேண்டும்.

ஓட்டும்போது

வலப்பக்க ஸ்டியரிங்குக்குப் பழகியவர் இடப்பக்க ஸ்டியரிங் காரில் ஏறினால், அல்லது அதற்கு மாறாக, காரின் தொலைவில் உள்ள பக்கம் எங்கே முடிகிறது என்று கணிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இடிக்கும் கோன்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவைதான். இதற்கு எளிய மருந்து உண்டு: கார் நிறுத்துமிடத்திலேயே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஒருவரைக் கோனோடு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, கோன் சக்கரத்தை ஒட்டி இருக்கும்போது கண்ணாடிக்குள்ளிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் அந்தப் பக்கக் கோன்களுக்குக் கூடுதலாக இடம் விடுங்கள். கியர் மாற்றும் கை மாறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கிளம்பியதும் இரண்டாம் கியருக்குப் போனால் பெரும்பாலும் கடைசி வரை அதிலேயே ஓடலாம்.

இருக்கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். தோள் இருக்கையை விட்டு எழாமல், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பெல்ட்டை இறுக்குங்கள். கார் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பை (ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) அணைக்காதீர்கள், அதுவும் அடுத்தவர் காரில்.

முதல் ஓட்டத்தின் இலக்கு நேரம் அல்ல, வழி தவறாமல் முடிப்பது. இரண்டு கோன்களுக்கு நடுவே நுழைய வேண்டிய ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. கோனை இடித்தால் எஸ்.சி.சி.ஏ. விதிப்படி ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி கூடும். கோனைச் சுற்றித் தரையில் கோடு போட்டிருப்பார்கள். கோன் நகர்ந்தாலும் நின்றபடியே கோட்டுக்குள் கொஞ்சமாவது இருந்தால் தண்டனை இல்லை. ஒட்டிப் போகத் துணிவு வந்தபின் இந்த விதி உங்களுக்கு நண்பன்.

அப்புறம் கண். எல்லாரும் சொல்கிற அறிவுரைதான், ஆனால் எல்லாரும் மறப்பதும் இதைத்தான்: அடுத்த கோனைப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்ததைப் பாருங்கள். பார்வை முன்னால் போனால் கை தானாக மென்மையாகும். காருக்கு முன்னால் நிற்கும் கோனையே முறைத்துக்கொண்டிருந்தால் அதை இடிப்பீர்கள்.

வரிசையாக நிற்கும் கோன்களுக்கு நடுவே இடம், வலம் என்று நெளியும் பகுதியில் தாமதம் வட்டியாக ஏறும். முதல் கோனில் கொஞ்சம் தாமதமாகத் திருப்பினால் இரண்டாவதில் இன்னும் தாமதம், நான்காவதில் ஒன்று இடிப்பீர்கள் அல்லது நின்றுவிடுவீர்கள். அதனால் முதல் கோனுக்கு மெதுவாகவே வாருங்கள். கோனைக் கடப்பதற்கு முன்பே அடுத்த திருப்பத்தைத் தொடங்கியிருக்க வேண்டும்.

டயர் கீச்சிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகிறதென்றால், இன்னும் திருப்புவதால் பயன் இல்லை. டயரின் பிடிப்பு முழுவதும் செலவாகிவிட்டது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று விடுங்கள், ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள், கார் மறுபடி திரும்பும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே உறுதியாக அழுத்தி முடித்துவிடுங்கள்.

பாதையில் யாராவது சிவப்புக் கொடி காட்டினால் உடனே, பதறாமல் நிறுத்துங்கள். உங்கள் தவறு இல்லையென்றால் மறுபடி ஓட்ட வாய்ப்புத் தருவார்கள்.

ஓட்டாத நேரத்தில்

பாதி பேர் ஓட்டும்போது மீதிப் பேர் பாதையில் வேலை செய்வார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது, கழிக்கவும் கூடாது. விழுந்த கோனை ஓடிப்போய் அதன் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும், எந்த எண் கார் எத்தனை இடித்தது என்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். ஓடும் காருக்கு ஒருபோதும் முதுகு காட்டாதீர்கள். உட்காராதீர்கள், படம் எடுப்பதற்காகக்கூடப் போனை வெளியே எடுக்காதீர்கள்.

மெனக்கெட்டு நல்ல வளைவு ஒன்றில் நிற்கக் கேளுங்கள். வேகமானவர்கள் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எந்தக் கோனை உரசிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்து ஓட்டப் போனால் வித்தியாசம் தெரியும். காலையிலேயே ஓட்டி முடித்து மதியம் வேலை செய்யும் முறை என்றால் இந்த வாய்ப்பு கிடைக்காது. பதிவின்போதே முதலில் வேலை, பிறகு ஓட்டம் என்று கேட்டுப் பாருங்கள்.

முடிந்ததும் கோன்களை அடுக்கி வண்டியில் ஏற்றும் வரை இருங்கள். கார்க்காரரோடு உட்கார்ந்து உங்கள் நேரங்களையும் அவருடையதையும் ஓட்டம் ஓட்டமாக ஒப்பிடுங்கள். முதல் நாளில் நான்கைந்து விநாடி பின்தங்கி இருப்பது சாதாரணம். முதல் ஓட்டத்திலிருந்து கடைசி ஓட்டத்துக்கு எவ்வளவு குறைத்தீர்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தப் பகுதியில் அந்த விநாடிகள் போயின என்று அவரிடமே கேளுங்கள். உடன் உட்கார்ந்து வந்திருந்தால் அவருக்கு அது துல்லியமாகத் தெரியும். பதிலை அன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஊரில் அடுத்த கிளப்புக்கு எழுதும் கடிதத்தில் இதுவரை எங்கே, எந்தக் காரில் ஓட்டினீர்கள் என்று சேர்க்க உங்களிடம் இப்போது ஒரு வரி இருக்கிறது.